டார்ச்சண்ணனும் என் வெள்ளிக் கோப்பையும்

சிங்கப்பூரில் கொசுவைவிட அதிகமாக வெறுக்கப்பட்ட ஜீவன் ஒன்று உண்டென்றால், அது தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பதினோராவது மாடியில், எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளிக் குடியிருந்தது. கொசுவாவது கடித்துவிட்டுப் போய்விடும். இவர் கடிப்பதற்கு முன்னால் விளக்கம் சொல்வார். கடித்த பிறகு அதற்கும் ஒரு விளக்கம் சொல்வார்.

பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள யாரும் ஆசைப்பட்டதும் இல்லை. டார்ச் என்றால் போதும். வயதில் சிறியவர்கள் மரியாதைக்கு ஓர் அண்ணனை ஒட்டிக்கொள்வோம். வாழ்நாள் முழுக்க மின்தூக்கி பழுதுபார்த்தவர். ஓய்வு பெற்ற அன்று நிறுவனம் கொடுத்த கைக்கடிகாரத்தை யாருக்கோ தானம் செய்துவிட்டு, தொழிலுக்கு வைத்திருந்த டார்ச்சை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். இனி எந்த இருட்டுக்குள் இதை அடிப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவருக்கு டெங்கு வந்தது. வந்தது மட்டுமா, பிழைத்தும் தொலைத்தார். பக்தி முற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன், தேகப்பயிற்சி முற்றியவர்களையும் பார்த்திருக்கிறேன். கொசு முற்றியவரை அப்போதுதான் பார்த்தேன்.

தினமும் காலை ஏழு மணிக்கு அவர் ஊர்வலம் கிளம்பும். ஒரு கையில் டார்ச். மறு கையில், மீன் தொட்டிக்காரர்கள் அழுக்கு எடுக்கும் ரப்பர்த் தலை வைத்த உறிஞ்சி. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடி. எங்காவது தேங்கிய நீரைக் கண்டால் உறிஞ்சி எடுத்து அந்த மூடியில் விட்டு, டார்ச்சை அடித்து, நகைக்கடைக்காரர் வைரம் பார்ப்பதுபோல் பார்ப்பார். வெள்ளைப் பின்னணியில் புழு நெளிந்தால் முகத்தில் ஒரு பரவசம் தெரியும். நெளியவில்லையென்றால், அந்த வீட்டுக்காரர் தம்மை ஏமாற்றிவிட்டதுபோல் ஒரு வருத்தம்.

துணி காயப்போடும் மூங்கில் கம்பைச் செருகுவதற்காகச் சன்னலுக்கு வெளியே இருக்கும் குழாய்கள், செடித் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டு, காலணி அலமாரிக்குப் பின்னால் மறந்துபோன குடை, எதுவும் தப்பாது. மூன்றாம் வீட்டு மேரி அக்கா வாசலில் தேவாலயத்துத் தீர்த்தம் வைத்திருக்கும் சிறிய சிப்பிக் கிண்ணத்திலும் ஒரு நாள் வெளிச்சம் விழுந்தது.

"அது தீர்த்தம்லா, டார்ச்சு! சாமியார் மந்திரிச்சுக் கொடுத்தது!"

"கொசுவுக்கு அது தெரியாதும்மா. அதுக்கு எல்லாமே தண்ணிதான். அதுவும் சுத்தமான தண்ணியா தேடும். வாரத்துக்கு ஒரு தரம் ஊத்திட்டு, கிண்ணத்தைத் தேய்ச்சு, புதுசா வைங்க. முட்டை ஓரத்துல ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கிடக்கும். தண்ணி பட்டா முழிச்சுக்கும்."

"நீங்க தூங்கவே மாட்டீங்களா?"

"அது பகல்லதான் கடிக்கும். ராத்திரி நல்லாத் தூங்குறேன்."

இந்த ஏடிஸ் கொசுவைப் பற்றி அவர் பேசும்போது குரலில் ஒரு மாமியார் தொனி வரும். கறுப்பு உடம்பு, எட்டுக் காலிலும் வெள்ளை வளையம், காலையில் ஒரு ஷிஃப்ட், பொழுது சாயும் நேரம் ஒரு ஷிஃப்ட், சாக்கடைப் பக்கமே போகாத சுத்தக்காரி. நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு வரன் பார்ப்பவர் பேசுவதுபோலவே இருக்கும்.

சிராங்கூன் சாலையில் ஒரு கல்யாணம். வரவேற்பு வாசலில் பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பி ரோஜா இதழ்களை மிதக்கவிட்டிருந்தார்கள். நாங்கள் சந்தனம் எடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் பளீரென்று வெளிச்சம். வேட்டி சட்டையில் வந்திருந்த டார்ச்சண்ணன் உருளிக்குள் குனிந்திருந்தார். பெண்ணின் அப்பா பதறி ஓடிவந்தார்.

"என்னங்க ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

"இந்தத் தண்ணி எப்ப ஊத்துனது?"

"இன்னைக்குக் காலையிலதாங்க…"

"அப்ப சரி. கல்யாணம் நடக்கட்டும்."

அவர் அனுமதி கொடுத்த பிறகுதான் தாலி கட்டினார்கள் என்று நான் பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். முகூர்த்தம் ஏற்கெனவே முடிந்திருந்தது. ஆனால் சொல்லும்போது அப்படிச் சொல்வதுதான் நன்றாக இருக்கிறது.

அவருக்கு உறவென்று இருந்தவர் பிடோக்கில் ஓர் அக்கா. தீபாவளிக்கு அங்கே போனவர், முறுக்கைக் கையில் வாங்கிய கையோடு குளியலறை வாளியைப் பார்க்கப் போயிருக்கிறார். வாளியில் புழு. வெளியே வந்து முறுக்கை முழுதாகத் தின்று முடித்து, கை கழுவிவிட்டு, அக்காவின் வீட்டு வரவேற்பறையில் இருந்தபடியே சுகாதார அதிகாரிகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். வீட்டில் கொசு வளரவிட்டதற்காக அக்காவுக்கு அபராதம். அதற்குப் பிறகு மூன்று தீபாவளிக்கு அந்த வீட்டிலிருந்து பலகாரம் வரவில்லை. "சட்டத்துக்கு அக்கா தங்கச்சி கிடையாது" என்று மின்தூக்கியில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் அவரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட மனிதரை யார்தான் நேசிப்பது?

நான் நேசிக்கவில்லை. அவரை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன். இந்தப் பத்திரிகையில் இதே போன்ற ஒரு பக்கம்தான். பக்கம் நிரப்பப் பக்கத்து வீட்டுக்காரர்கள் இல்லாவிட்டால் என்னைப் போன்றவர்கள் என்றைக்கோ பட்டினி கிடந்திருப்போம். அதில் அவரைக் 'கொசு கலெக்டர்' என்றேன். அவருடைய மூக்கு, நடை, ஐஸ்கிரீம் மூடி எதையும் விடவில்லை. கடைசியில் ஓர் ஆண் கொசு அவரைக் கடித்துவிட்டு, ருசி பிடிக்காமல் சாக்கடைக்குத் திரும்பிப்போய் முட்டையிட்டுக் குடும்பம் நடத்துவதாக முடித்திருந்தேன். எனக்கே சிரிப்பு வந்தது. எனக்கு வருவது பெரிய விஷயமில்லைதான்.

இதழ் வெளியான மறுநாள் காலை கதவு தட்டப்பட்டது. டார்ச்சண்ணன். கையில் பத்திரிகை. நான் மன்னிப்பு, மறுப்பு இரண்டையும் மனத்துக்குள் தயார் செய்துகொண்டு கதவைத் திறந்தேன்.

பக்கம் முழுக்கச் சிவப்புப் பேனாவால் கோடு.

"சார், ஆம்பளைக் கொசு கடிக்காது. அது பூவுல தேன் குடிச்சுட்டுப் போயிடும். கடிக்கிறது பொம்பளைக் கொசு மட்டும்தான், முட்டைக்கு ரத்தம் வேணும். ஆம்பளைக் கொசு முட்டையும் போடாது. சாக்கடையில ஏடிஸ் வளராது. மூணு தப்பு."

"மத்ததெல்லாம்…?"

"மத்ததெல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

என் எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு அவமானப்பட்டதில்லை. ஒருவரைப் பக்கம் முழுக்கக் கேலி செய்து, அவர் வந்து கொசுவின் சார்பில் மட்டும் ஆட்சேபணை தெரிவித்துவிட்டுப் போனால் எழுதியவன் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது?

போகிற போக்கில் அவர் டார்ச் எங்கள் காலணி அலமாரியின் மேல் நின்றது.

"அது என்ன சார், கோப்பை?"

இங்கே அந்தக் கோப்பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சமூக மன்றம் ஒன்றில் எனக்குக் கிடைத்தது. வெள்ளிபோல் இருக்கும், வெள்ளி இல்லை. ஒன்றரை அடி உயரம், இரண்டு காது, நடுவில் 'சிறந்த நகைச்சுவைப் பேச்சாளர்' என்று கறுப்பு எழுத்து. என் மனைவி மல்லிகா அதை வரவேற்பறையில் வைக்க அனுமதிக்கவில்லை. "வீட்ல பேசுறது பத்தாதா, அதுக்கு ஒரு கோப்பை வேறயா?" என்று வாசலுக்கு வெளியே அனுப்பினாள். பிறகு மனம் இரங்கி, மணி பிளாண்ட் கொடியில் ஒரு துண்டை நறுக்கி அதில் தண்ணீர் விட்டு வைத்தாள். கொடி தழைத்தது. தினமும் காலையில் குறைந்த தண்ணீரை ஊற்றி நிரப்புவது என் பொறுப்பு. பொறுப்பென்றா சொன்னேன்? பெருமை. என் பெயருக்கு எதிலாவது ஏதாவது வளர்ந்தது அதுதான் முதல் தடவை.

"பாக்கலாமா?" என்றார் டார்ச்சண்ணன், உறிஞ்சியைத் தூக்கி.

"அது பரிசுக் கோப்பைண்ணே! பூந்தொட்டி இல்ல!"

"தண்ணி இருந்தா தொட்டிதான் சார்."

நான் கதவைச் சாத்தினேன். அன்று மாலையே கோப்பையை எடுத்து, காரிடாரில் மின்சார மீட்டர் பெட்டி இருக்கும் உயரமான அலமாரியின் தலையில் வைத்தேன். டார்ச்சண்ணனுக்கு எட்டாத உயரம். நாற்காலி போட்டு ஏறித் தண்ணீர் ஊற்றினேன். சிந்திய நீரைக் கைக்குட்டையால் துடைத்தேன். அவருக்கு எட்டாத உயரம் கொசுவுக்கு எட்டும் என்பது, கல்லூரி வரை படித்த எனக்குத் தோன்றவில்லை.

சில வாரங்களில் புளோக்குக்குக் கீழே சிவப்புப் பதாகை கட்டினார்கள், டெங்குப் பகுதி என்று. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை எனக்குக் காய்ச்சல்.

சாதாரணக் காய்ச்சலா அது? கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து வெளியே தள்ளினார்கள். எலும்பையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டிப் பார்த்துவிட்டுத் தப்பான இடத்தில் மாட்டினார்கள். மல்லிகா முழங்கால் வலிக்கு வாங்கி வைத்திருந்த மாத்திரையை எடுத்து வாயில் போடப் போனேன். கதவு இடிபட்டது. எங்கள் வீட்டில் காய்ச்சல் என்பது இரண்டு கதவு தள்ளி எப்படித்தான் கேட்டதோ!

"என்ன மாத்திரை அது? காட்டுங்க." வாங்கிப் பார்த்தார். தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "டெங்குன்னா இந்த மாதிரி வலி மாத்திரை கூடாது சார். ரத்தக்கசிவை அதிகமாக்கிடும். பாரசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவு. கிளம்புங்க, கிளினிக்குக்கு."

"டெங்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அதான் ரத்தத்தைக் கொடுத்துக் கேக்கலாம்ங்கறேன்."

ரத்தம் அவர் பக்கம் பேசியது. தினமும் வந்து தட்டணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும், நிறைய நீர் குடிக்க வேண்டும் என்றார் மருத்துவர். இதற்குத் தனியாக மருந்து கிடையாதாம். உடம்பே சண்டை போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து கவனிப்பதுதான் வைத்தியமாம். மல்லிகா தேக்கா சந்தைக்கு ஓடிப்போய்ப் பப்பாளி இலை வாங்கி வந்து சாறு பிழிந்தாள். அதைக் குடித்தபோது டெங்குவே தேவலை என்றிருந்தது.

"குடிங்க, வேணாங்கல" என்றார் டார்ச்சண்ணன். "ஆனா சாறு குடிச்சாச்சேன்னு ரத்தம் கொடுக்கப் போகாம இருந்துடாதீங்க." பிறகு ஒரு புட்டியை நீட்டினார். "இது கொசுத் தைலம். கை காலெல்லாம் பூசிக்குங்க."

"எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சேண்ணே. இனிமே என்னைக் காப்பாத்தி என்ன ஆகப்போகுது?"

"உங்களைக் கொசுகிட்டேருந்து காப்பாத்த இல்ல சார். கொசுவை உங்ககிட்டேருந்து காப்பாத்த. அது நல்ல கொசுவா உங்களைக் கடிக்கும். கொஞ்ச நாள்ல நோயோட போய் மேரியம்மாவைக் கடிக்கும். இப்ப இந்த மாடியில ஆபத்தான ஆளு கொசு இல்ல, நீங்க."

அந்தக் காய்ச்சலிலும் எனக்குக் கோபம் வந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அன்று மாலை நான்கு மணிக்கு சிராங்கூன் பக்கத்துச் சமூக மன்றத்தில் பட்டிமன்றம். 'குடும்பத்தில் நிம்மதி தருவது பேச்சா, மௌனமா?' நடுவர் நான். இந்த நடுவர் நாற்காலிக்கு நான் பல வருடம் காத்திருந்தேன். அதில் உட்கார்ந்திருந்த பொறியாளர் பெர்த் நகருக்குக் குடிபெயர்ந்த பிறகுதான் அது காலியானது. நான் வரவில்லையென்றால் உட்காரத் துடித்துக்கொண்டு இன்னொருவர் இருந்தார். ஒரு தடவை உட்கார்ந்தால் அவரும் வெளிநாடு போகும்வரை எழுந்திருக்க மாட்டார்.

அதிசயமாக, சனிக்கிழமை இரவே காய்ச்சல் இறங்கிவிட்டது. ஞாயிறு காலை நெற்றி ஜில்லென்றிருந்தது. அன்றைய ரத்தப் பரிசோதனைக்கு நான் போகவில்லை. குணமானவன் எதற்கு ஊசி குத்திக்கொள்ள வேண்டும்? வயிற்றில் லேசாக வலி இருந்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். பப்பாளி இலைமீது பழி போட்டேன். பல் துலக்கும்போது ஈறில் கொஞ்சம் ரத்தம், பிரஷ் புதிது. எதற்கும் காரணம் கண்டுபிடிப்பதுதானே பட்டிமன்றப் பயிற்சி? பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு, மல்லிகா தடுக்கத் தடுக்க, மூன்று மணிக்கு மின்தூக்கிக்கு வந்தேன்.

கதவு திறந்தது. நான் உள்ளே கால் வைப்பதற்கு முன் டார்ச்சண்ணன் வாசலில் குறுக்கே நின்றார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. வாழ்நாளெல்லாம் மின்தூக்கிக் கதவுகளைத் தடுத்து நிறுத்திய கால்.

"எங்க சார்?"

"பட்டிமன்றம். வழி விடுங்கண்ணே, காய்ச்சல் போயிடுச்சு."

"எப்பப் போச்சு?"

"நேத்து ராத்திரி."

"அப்ப இப்பதான் ஆரம்பம்."

மின்தூக்கி பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. மேரி அக்கா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"வயிறு வலிக்குதா?"

"இல்ல."

"வாந்தி?"

"இல்லவே இல்ல."

"ரெண்டு தரம் எடுத்தாரு அங்கிள்!" என்றாள் பின்னால் வந்த மல்லிகா. "ஈறுலயும் ரத்தம்."

"சார், நான் லிஃப்ட்டுக்காரன். எனக்குத் தெரிஞ்சதை வச்சுச் சொல்றேன். சத்தம் போட்டுக்கிட்டிருந்த லிஃப்ட்டு திடீர்னு கப்சிப்னு ஆச்சுன்னா, சரியாயிடுச்சுன்னு நினைக்கக் கூடாது. ஓடறதே நின்னுபோச்சான்னு பாக்கணும். டெங்குல காய்ச்சல் இறங்குற அந்த ஒன்னு ரெண்டு நாள்தான் மோசம். ரத்தக் குழாயிலேருந்து தண்ணி உள்ளுக்குள்ள கசியும். வெளிய ஒன்னும் தெரியாது. ஆளு சட்டை போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்புவான்."

"நான் கல்யாணத்துக்குப் போகல, பட்டிமன்றத்துக்குப் போறேன்! பக்கம் பக்கமா பிரசங்கம் பண்றீங்களே, நீங்க டாக்டரா? லிஃப்ட்டு ரிப்பேர் பண்ற ஆளு, டார்ச்சு வச்சிருந்தா டாக்டர் ஆயிடுவீங்களா? உங்க அக்காவே உங்களை வீட்ல சேர்க்கல!"

மின்தூக்கி மட்டும் பீப் பீப் என்று எனக்காக வெட்கப்பட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. காலையும் எடுக்கவில்லை.

நான் படிக்கட்டு வழியாக இறங்கினேன். பதினொன்று, பத்து. ஒன்பதாவது மாடி வளைவில் படிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற ஆரம்பித்தன. கொஞ்சம் உட்கார்ந்து, தொடக்க உரையை ஒரு தடவை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். பட்டுச் சட்டை முழுக்க நனைந்திருந்தது. கை மட்டும் ஐஸ்போல இருந்தது.

ஒன்பதாவது மாடி மின்தூக்கிக் கதவு திறந்தது. டார்ச்சண்ணன் நிதானமாக நடந்து வந்து என் எதிரே நின்றார்.

"எழுந்திரிக்க முடியுமா சார்?"

"முடியும்."

"எழுந்திரிங்க."

முடியவில்லை. அவர் ஏற்கெனவே போன் பண்ணியிருந்தார் போலிருக்கிறது. ஆம்புலன்ஸ்காரர்களுக்கு எந்த மாடி என்பதை மட்டும் திருத்திச் சொன்னார்.

மருத்துவமனையில் ஓர் இளம் மருத்துவர், காய்ச்சல் இறங்கும் கட்டம், குழாயிலிருந்து கசியும் நீர், வயிற்று வலி, வாந்தி, ஈறில் ரத்தம் என்று ஒன்றுவிடாமல் மல்லிகாவிடம் விளக்கினார். டார்ச்சண்ணன் சொன்ன அதே வரிசை. என்ன ஒன்று, மின்தூக்கி உதாரணம் இல்லை. அது இல்லாமல் அவ்வளவாகப் புரியவில்லை என்று மல்லிகா பிற்பாடு சொன்னாள். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் கேட்டதற்கு மருத்துவர் நேரடியாகப் பதில் சொல்லவில்லை. "நல்லவேளை கூட்டிட்டு வந்தீங்க" என்றார்.

அழைத்து வந்தவர் பெயர் என்ன என்று தாதி கேட்டாளாம். மல்லிகா திருதிருவென்று விழித்திருக்கிறாள். பத்து வருடம் இரண்டு கதவு தள்ளி வாழ்ந்த மனிதர். கடைசியில் 'டார்ச்' என்று சொல்ல, தாதியும் அப்படியே எழுதிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் என்னைப் பார்க்க வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, முதல் வேலையாகப் பூ ஜாடிக்குள் டார்ச் அடித்தார்.

"அண்ணே, அன்னைக்கு உங்க அக்காவைப் பத்தி…"

"அது உண்மைதானே சார். விடுங்க." பிறகு எனக்கு ஆறுதல் சொன்னார்: "டெங்குல நாலு வகை இருக்கு. வந்த வகை திரும்ப வராது. இன்னும் மூணு பாக்கி. ரெண்டாவது தரம் வந்தா இன்னும் மோசமா வர வாய்ப்பு இருக்கு. உடம்பைப் பாத்துக்குங்க."

இப்படி ஆறுதல் சொல்ல அவரால்தான் முடியும்.

பட்டிமன்றம் நான் இல்லாமல் நடந்தது. துடித்துக்கொண்டிருந்தவர் உட்கார்ந்துவிட்டார். 'மௌனமே' என்று தீர்ப்பளித்தாராம். இன்றுவரை எழுந்திருக்கவில்லை.

வீடு திரும்பிய அன்று, வாசலில் மணி பிளாண்ட் கொடி மண் நிரப்பிய ஒரு சிறு தொட்டியில் நின்றது. நிமிர்ந்து பார்த்தேன். மீட்டர் அலமாரியின் மேல் என் கோப்பை தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது. நாற்காலி போட்டு எடுத்தேன். ஒட்டியிருக்கும் முட்டை போக உள்ளும் புறமும் அப்படித் தேய்த்திருந்தார்கள். தேய்த்த தேய்ப்பில் எழுத்தில் 'சிறந்த' போய்விட்டது. 'நகைச்சுவைப் பேச்சாளர்' மட்டும் மிச்சம். அதுவும் மங்கலாக.

என்ன நடந்ததென்று மேரி அக்காதான் மின்தூக்கியில், பதினொன்றிலிருந்து தரைத்தளம் போவதற்குள் சொன்னார். நான் மருத்துவமனையில் சேர்ந்த மறுநாள் அதிகாரிகள் சோதனைக்கு வந்திருக்கிறார்கள். யாரும் அழைக்காமலே டார்ச்சண்ணன் வழிகாட்டியிருக்கிறார். தமிழ்ப்பெண் ஒருத்தி ஏணி போட்டு அலமாரி உச்சியைப் பார்த்தாள். கோப்பை கீழே வந்தது. தண்ணீர் வெள்ளை மூடியில் விழுந்தது. அதற்குப் பிறகு டார்ச் அடிக்கவே தேவைப்படவில்லையாம். அவ்வளவு நெளிந்ததாம்.

"இது யாரோட வீட்டுதுன்னு அந்தப் பொண்ணு கேட்டு, உங்க வீட்டு மணியை அடிக்கப் போனா தம்பி. டார்ச்சு கையை நீட்டித் தடுத்துட்டாரு. 'அந்த வீட்ல ஆளு ஆஸ்பத்திரியில. அவரு சம்சாரம் இப்பதான் வந்து படுத்திருக்கு. மணி அடிக்காதீங்க. இது என்னோடது'ன்னாரு."

"என்னோடதுன்னாரா?"

"ஆமாப்பா! அந்தப் பொண்ணு கோப்பையில எழுதியிருக்கறதைப் படிச்சுட்டு, 'அங்கிள், நீங்க நகைச்சுவைப் பேச்சாளரா?'ன்னு கேட்டா. 'ஆமா'ன்னாரு! அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு! அவளுக்குச் சிரிப்பு தாங்கல. 'ஒரு ஜோக் சொல்லுங்க'ன்னா. ரொம்ப நேரம் யோசிச்சுட்டு, 'ஆம்பளைக் கொசு கடிக்காது'ன்னாரு."

அடையாள அட்டையைக் காட்டச் சொன்னபோது அவருடைய பெயரை அந்தப் பெண் உரக்கப் படித்தாளாம். மேரி அக்கா அதை என்னிடம் சொன்னார். நான் இங்கே எழுதப் போவதில்லை. அபராதக் கடிதத்தில் ஒரு தடவை ஏறியதே அதிகம்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

"கோப்பையில என்ன இருந்துச்சுண்ணே?"

"தண்ணி."

"தண்ணியில?"

"ஒரு கூட்டம். உங்க பட்டிமன்றத்துக்கு வர்றதைவிட அதிகம்."

"உங்க அக்காவையே மாட்டிவிட்டவரு நீங்க. என்னை ஏன் விட்டீங்க?"

அவர் உறிஞ்சியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"உங்களை விடறதுக்கு எனக்கு என்ன சார் வேண்டுதலா? அந்தக் கொடியை வச்சது உங்க சம்சாரம்தானே. ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரியில உக்காந்துட்டு வந்த பிள்ளை. அதை எழுப்பி, நீ வச்ச கொடியிலதான் கொசு வளர்ந்துச்சு, அதான் உன் புருஷன் கிடக்கிறான்னு சொல்லணுமா? உங்களைக் கடிச்சது அந்தக் கொசுதானான்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பிள்ளை சாகுறவரைக்கும் அதுதான்னு நினைக்கும்." உறிஞ்சியைக் கீழே வைத்தார். "தப்புத்தான் சார் நான் பண்ணது. சட்டத்துக்கு விரோதம்."

ஒரு மாதம் கழித்து மல்லிகாவிடம் நானே சொன்னேன். தண்ணீர் ஊற்றியதும் உயரத்தில் ஒளித்ததும் நான்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்த வார வெள்ளிக்கிழமையிலிருந்து வாரம் தவறாமல் அவர் வீட்டுக்குச் சாம்பாரும் கூட்டும் போயின. அவர் வாங்கியதும் முதலில் டப்பா மூடியின் விளிம்பில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பார். பிறகுதான் நன்றி.

போன வருடம் பிடோக்குக்குப் போய்விட்டார். அக்காவுக்கு முழங்கால் முடியவில்லை, கூப்பிட்டாராம். அந்த அம்மாளின் பொறுமைக்கு ஒரு கோப்பை கொடுக்கலாம். என்னுடையதைக் கொடுக்கத் தயார். 'சிறந்த' இல்லாததைப் பொருட்படுத்தமாட்டார் என்றால். காலை ஏழு மணிக்கு எங்கள் காரிடாரில் இப்போது வெளிச்சம் எதுவும் விழுவதில்லை. எல்லோரும் நிம்மதியாக இருக்கிறோம். மேரி அக்கா மட்டும் வாரத்துக்கு ஒரு முறை தீர்த்தக் கிண்ணத்தைத் தேய்த்துவிட்டு, யாரிடமாவது காட்ட வேண்டும்போல் காரிடாரின் இரண்டு பக்கமும் பார்க்கிறார்.

பிடோக்கிலும் இந்தப் பத்திரிகை கிடைக்கிறது என்று விசாரித்து வைத்திருக்கிறேன். ஏடிஸ் கொசுவுக்கு எட்டுக் கால் என்று மேலே ஓர் இடத்தில் எழுதியிருக்கிறேன். அதைத் திருத்த வேண்டாமென்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். ஆறு கால்தான் என்பது எனக்குத் தெரியும். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தோ பாயோ வரை வர அவருக்கு ஒரு காரணம் வேண்டாமா?